தமிழ்க் கணித ஆவணங்களில் பின்னங்களின் அச்சமைப்பு: எட்டேகால் முதல் ஒருங்குறி வரை

ஆய்வுச்சுருக்கம்

கணித ஆவணங்களில் பின்னத்தை அச்சிடும் முறை பெரும்பாலும் அழகு சார்ந்த தெரிவாகவே கருதப்படுகிறது. ஆயின் பின்னத்தின் அச்சு வடிவம் அதன் மதிப்பையே மாற்றிவிடக் கூடியது. பேச்சுத் தமிழில் முழு எண்ணையும் பின்னத்தையும் பிரித்துக் காட்டும் வேலையை ‘ஏ’ போன்ற சொல்லுறுப்புகள் செய்கின்றன. அச்சில் அதே வேலையை எழுத்தளவு, இடைவெளி, கோடு ஆகியவை செய்ய வேண்டியுள்ளது. மரபுத் தமிழ்ப் பின்னக் குறிகள், கிடைக்கோட்டு வடிவம், சாய்கோட்டு வடிவம், கணினி அச்சுக்கோப்பு, எழுத்துக் குறியேற்றம் ஆகியவற்றின் வழியே இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழில் கணிதம் எழுதுவோரும் பழைய கணக்கு நூல்களைப் பதிப்பிப்போரும் பின்பற்றத்தக்க சில நெறிகளையும் இறுதியில் முன்வைக்கிறது.

குறிச்சொற்கள்: பின்னம், அச்சுக்கோப்பு, தமிழ் எண்குறிகள், கணக்கதிகாரம், ஒருங்குறி, டெக்

1. முன்னுரை

கம்பருக்கு மறுமொழியாக ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்று ‘எட்டேகால்’ என்னும் எண்ணோடு தொடங்குகிறது. தமிழில் எட்டு என்னும் எண்ணின் குறி அகர எழுத்தை ஒத்தது. கால் என்னும் பின்னத்தின் குறி வகர எழுத்தை ஒத்தது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் எண்ணாகவும் படிக்கலாம். ‘அவ’ என்னும் எழுத்துத் தொடராகவும் படிக்கலாம். அப்பாடலின் வசை இந்த இரட்டை வாசிப்பிலிருந்தே பிறக்கிறது. எட்டேகால் லட்சணம் அவலட்சணம் ஆகிறது.

இன்றைய தட்டச்சில் இதே எண் வேறொரு வகையில் திரிகிறது. எட்டேகாலை 8¼ என எழுதினால் ஐயமில்லை. அதனையே 8 1/4 என எழுதி, நடுவிலுள்ள இடைவெளி தவறிப்போனால் 81/4 ஆகிவிடும். அதன் மதிப்பு எட்டேகால் அன்று, இருபதேகால். புலவரின் சொல்விளையாட்டில் நகைச்சுவைக்குப் பயன்பட்ட மயக்கம், கணித ஆவணத்தில் பிழையாக நிற்கிறது.

‘எட்டேகால்’ என்னும் சொல்லில் உள்ள ஏகாரம் கூட்டற்குறியின் வேலையைச் செய்கிறது. எட்டும் அதனோடு காலும் என்பதை அது உணர்த்துகிறது. 8¼ என்னும் அச்சு வடிவத்தில் அந்த ஏகாரத்துக்கு ஈடாக எந்தக் குறியும் இல்லை. எட்டு பெரியதாகவும் ஒன்றும் நான்கும் சிறியனவாகவும் இருப்பதே இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே எழுத்தளவு வேறுபாடு இங்கு ஒப்பனையன்று. அது பொருள் தரும் உறுப்பு. பின்னங்களின் அச்சமைப்பை ஆராயும்போது முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவே.

2. மரபுத் தமிழ்ப் பின்னக் குறிகள்

இன்றைய பள்ளிக் கணிதத்தில் ஒரு பின்னம் தொகுதி, பகுதி என்னும் இரண்டு எண்களால் குறிக்கப்படுகிறது. மரபுத் தமிழ்க் கணக்கில் அவ்வாறில்லை. அடிப்படைப் பின்னம் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் தனிக்குறியும் உண்டு. காரிநாயனாரின் கணக்கதிகாரமும், திண்ணைப் பள்ளிகளில் மனனம் செய்விக்கப்பட்ட எண்சுவடிகளும் இம்முறையையே பயன்படுத்தின.

இம்முறையின் அடித்தளம் 320 என்னும் எண். ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. ஏனைய பின்னங்களை முந்திரியின் மடங்குகளாகக் காணலாம்:

அரைக்காணி (1/160) – 2 முந்திரி
காணி (1/80) – 4 முந்திரி
அரைமா (1/40) – 8 முந்திரி
மா (1/20) – 16 முந்திரி
வீசம் அல்லது மாகாணி (1/16) – 20 முந்திரி
அரைக்கால் (1/8) – 40 முந்திரி
கால் (1/4) – 80 முந்திரி
அரை (1/2) – 160 முந்திரி
முக்கால் (3/4) – 240 முந்திரி

மாகாணி என்னும் பெயரே அதன் கணக்கைச் சொல்கிறது. ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தால் 16 + 4 = 20 முந்திரி; அதாவது பதினாறில் ஒன்று. ஏறத்தாழ முழுமை என்னும் பொருளில் இன்றும் பேச்சில் வழங்கும் ‘முக்காலே மூணு வீசம்’ என்னும் தொடரும் இக்கணக்கின் எச்சமே. முக்காலும் பதினாறில் மூன்றும் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து. முழுமைக்கு ஒரு வீசமே குறைவு.

முந்திரியினும் சிறிய அளவுகளுக்குக் ‘கீழ்’ என்னும் சொல் பயன்பட்டது. கீழ் என்பது தனக்குப் பின்வரும் பின்னத்தை 320 ஆல் வகுக்கும். கீழ்முந்திரி என்பது 320 × 320, அதாவது 1,02,400 இல் ஒரு பங்கு. நில அளவைக் கல்வெட்டுகளில் கீழ் பலமுறை அடுக்கி வருவதும் உண்டு. இராசராச சோழன் காலத்து நில அளவை குறித்து வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டும் மிகச்சிறிய அளவு, ஒரு வேலியின் 5242,88,00,000 இல் ஒரு பங்கு. இப்பேரெண் தற்செயலானதன்று. 320 ஐ நான்கு முறை தன்னோடு பெருக்கி, 5 ஆல் பெருக்கினால் கிடைப்பது அது. 320 இன் அடுக்குகளாக இறங்கும் முறையின் இயல்பான விளைவாகவே அது அமைந்துள்ளது.

அச்சமைப்பு நோக்கில் இம்முறைக்கு இரண்டு இயல்புகள் உண்டு. முதலாவது, குறிகள் அனைத்தும் ஒரே வரியில் இடமிருந்து வலமாக, பெரியது முதலாகச் சிறியது ஈறாக எழுதப்படுவன. மேலும் கீழுமாக அடுக்கத் தேவையில்லை. பதினாறில் ஏழு என்பது கால், அரைக்கால், வீசம் என்னும் மூன்று குறிகளின் வரிசை. இரண்டாவது, எல்லாப் பின்னங்களையும் இம்முறை துல்லியமாகக் குறிக்க இயலாது. 320 என்பது இரண்டையும் ஐந்தையும் மட்டுமே பகாக் காரணிகளாகக் கொண்டது. ஆதலால் மூன்றில் ஒன்றை எழுத முயன்றால் 106 முந்திரியும் மீதியும் நிற்கும். கீழ் எத்தனை முறை வந்தாலும் மீதி தீராது. எந்தத் தொகுதிக்கும் எந்தப் பகுதிக்கும் இடந்தரும் பொதுக் குறியீடு தேவைப்படுவது இங்கேதான்.

3. கிடைக்கோடும் சாய்கோடும்

தொகுதியை மேலும் பகுதியைக் கீழும் எழுதும் வழக்கம் இந்தியக் கணிதத்தில் தொன்மையானது. பக்சாலி சுவடியிலும் பிரம்மகுப்தர் வழிவந்த நூல்களிலும் இரண்டு எண்களும் கோடின்றியே அடுக்கப்பட்டன. இடையில் கிடைக்கோடு இடும் வழக்கம் 12 ஆம் நூற்றாண்டில் மேற்கு அரபு உலகில் வாழ்ந்த அல்-ஹஸ்ஸாரிடம் காணப்படுகிறது. 1202 இல் வெளிவந்த ஃபிபோனாச்சியின் ‘லிபர் அபாகி’ அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றது.

கையெழுத்துக்கு எளிதாக இருந்த கிடைக்கோடு, உலோக எழுத்துகளைக் கோத்த அச்சகத்துக்குச் சுமையாயிற்று. தொகுதி, கோடு, பகுதி ஆகிய மூன்றையும் தனித்தனியே கோத்து அடுக்க வேண்டும். அப்பின்னம் இயல்பான வரியின் உயரத்தில் அடங்காது. மேலும் கீழும் உள்ள வரிகளை விலக்க வேண்டும். அதனால் நேரமும் செலவும் கூடின. இதற்கு மாற்றாகச் சாய்கோட்டை டி மார்கன் 1845 இல் பரிந்துரைத்தார். ஸ்டோக்ஸ் 1880 இல் தம் ஆய்வுத் தொகுப்பில் அதனை விரிவாகக் கையாண்டார். சாய்கோடு கணிதத்தின் தேவையால் பிறந்ததன்று. அச்சகத்தின் தேவையால் பரவியது.

வரியின் உயரத்தைக் காத்துத் தந்த சாய்கோடு வேறொன்றை இழந்தது. கிடைக்கோடு தன் நீளத்தால் எது தொகுதி, எது பகுதி என எல்லை வகுக்கிறது. அது அடைப்புக்குறியின் வேலையையும் செய்கிறது. சாய்கோட்டுக்கு அந்த ஆற்றல் இல்லை. 12/2×3 என எழுதினால், பகுதியில் நிற்பது 2 மட்டுமா, 2×3 முழுவதுமா என்னும் ஐயம் எழும். முதல் வாசிப்பில் விடை 18, இரண்டாவதில் 2. சாய்கோட்டைப் பயன்படுத்துவோர் (12/2)×3 என்றோ 12/(2×3) என்றோ அடைப்புக்குறி இட்டே ஆக வேண்டும்.

4. கணினி அச்சுக்கோப்பில் பின்னம்

டொனால்டு நூத் 1978 இல் வெளியிட்ட டெக் மென்பொருள், அச்சுக்கோப்பாளர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த நுட்பங்களைக் கணக்கிடத்தக்க விதிகளாக மாற்றியது. லாடெக் வழியே இன்று கணித ஆய்வுலகில் பரவலாகப் பயன்படுவது அம்மென்பொருளே. பின்னம் குறித்த அதன் விதிகளில் மூன்று இங்குக் கருதத்தக்கவை.

முதலாவது, அளவு. தனிவரியில் அமையும் சமன்பாட்டில் தொகுதியும் பகுதியும் முழு அளவில் அச்சாகும். பத்தியின் வரிக்குள் அமையும் பின்னத்தில் அவை சிறிய அளவுக்குக் குறைக்கப்படும். நூத் வடிவமைத்த கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவில் பத்தி எழுத்து 10 புள்ளி எனில் வரிக்குள் வரும் பின்னத்தின் எண்கள் 7 புள்ளி. அப்பின்னத்துக்குள் இன்னொரு பின்னம் வந்தால் 5 புள்ளி.

இரண்டாவது, அச்சுக்கோடு. பின்னக்கோடு வரியின் அடிக்கோட்டில் நிற்பதில்லை. கூட்டற்குறி, கழித்தற்குறி, சமக்குறி ஆகியவற்றின் நடுவே செல்லும் கற்பனைக் கோட்டின்மீது அது நிற்கும். அதனால்தான் சமக்குறியும் பின்னக்கோடும் ஒரே மட்டத்தில் அமைந்து, சமன்பாடு ஒரே வரியாகக் கண்ணுக்குப் படுகிறது.

மூன்றாவது, இடைவெளி. 10 புள்ளி அமைப்பில் பின்னக்கோட்டின் தடிமன் 0.4 புள்ளி. தனிவரிச் சமன்பாட்டில் கோட்டுக்கும் எண்ணுக்கும் இடையே குறைந்தது கோட்டின் தடிமனைப் போல் மும்மடங்கு, அதாவது 1.2 புள்ளி இடைவெளி விடப்படும். வரிக்குள் வரும் பின்னத்துக்கு ஒரு மடங்கே குறைந்தபட்சம்.

இவ்விதிகளுக்கு ஒப்பான அளவுகளை எழுத்துருவின் உள்ளேயே அட்டவணையாக வைக்கும் முறை மைக்ரோசாஃப்ட் வேர்டு 2007 உடன் வந்த கேம்பிரியா மேத் எழுத்துருவில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது ஓப்பன்டைப் தரத்தின் பகுதியாயிற்று. இணையப் பக்கங்களுக்கான மேத்எம்எல் மொழியிலும் பின்னத்துக்குத் தனிக்கட்டளை உண்டு. 2023 தொடக்கத்தில் குரோம் உலாவி அதற்கு ஆதரவளித்தபின், இணைய இதழ்கள் பின்னங்களைப் படமாக அன்றி உரையாகவே வெளியிடும் வாய்ப்பு விரிந்துள்ளது.

5. தமிழ் எழுத்து பின்னத்துக்குள் வரும்போது

மேற்கூறிய அளவுகள் இலத்தீன் எழுத்துகளையும் எண்களையும் கருதி வகுக்கப்பட்டவை. கேம்பிரியா மேத், லத்தீன் மாடர்ன் மேத் போன்ற கணித எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இடம்பெறவில்லை. தமிழ்ச் சொல் பின்னத்துக்குள் வரும்போது அது வேறோர் எழுத்துருவிலிருந்து எடுக்கப்படுகிறது. அப்போது எழும் சிக்கல்களைத் தொப்பூர்ச் சாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கலாம்.

தருமபுரி மாவட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை 44 இல் உள்ள தொப்பூர் கணவாயில், தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் வாகனங்கள் தொடர்ந்து இறக்கத்தில் செல்கின்றன. கனரக வாகன விபத்துகளுக்குப் பெயர்பெற்ற பகுதி அது. சாலைச் சரிவு என்பதே ஒரு பின்னம். இறக்கம் தொகுதியாகவும் கிடைத்தொலைவு பகுதியாகவும் அமைவது அது. அளவிட்ட மதிப்பாக அன்றி, விளக்கத்துக்கான கற்பனை எண்ணாக, ஒரு சாலை 40 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் இறங்குகிறது எனக் கொள்வோம். அதன் சரிவு 1/40, விழுக்காட்டில் 2½. மரபுப் பெயரில் சொன்னால் அரைமா.

முதற்சிக்கல் சொல்முறை சார்ந்தது. தமிழில் பின்னத்தைச் சொல்லும்போது பகுதி முன்னும் தொகுதி பின்னும் வரும்: நாற்பதில் ஒன்று, நாற்பதுக்கு ஒன்று. ஆங்கிலத்தில் தொகுதி முன்வரும். ஆங்கில வழக்கின் எண் வரிசையை மாற்றாமல் தமிழ் உருபை மட்டும் சேர்த்து ‘1-க்கு 40’ என எழுதினால், ஒரு மீட்டருக்கு நாற்பது மீட்டர் இறங்கும் சாலை என்றே தமிழ் வாசகர் படிப்பார். அது சாலையன்று, செங்குத்துப் பாறை. கிடைக்கோட்டுப் பின்னம் இவ்வரிசை மயக்கத்துக்கு இடந்தருவதில்லை. மேலிருப்பது தொகுதி, கீழிருப்பது பகுதி என்பது மொழியைச் சாராதது.

இரண்டாவது, வேற்றுமை உருபு. ‘2/5-இன்’ என்பதை ‘ஐந்தில் இரண்டின்’ எனப் படிக்க வேண்டும். உருபு தொகுதியின் பெயரோடு புணர்கிறது. ஆனால் சாய்கோட்டு வடிவத்தில் உருபை ஒட்டி நிற்பது பகுதியாகிய 5. விரைந்து படிப்பவர் கண்ணுக்கு அது ‘ஐந்தின்’ எனத் தோன்றும். கிடைக்கோட்டு வடிவத்தில் உருபு கோட்டின் மட்டத்தில் நின்று பின்னம் முழுவதையும் தழுவுகிறது. சாய்கோட்டைத் தவிர்க்க இயலாத இடத்தில் ‘2/5 என்னும் பின்னத்தின்’ எனத் தொடரை மாற்றியமைப்பதே தெளிவு.

மூன்றாவது, எழுத்தின் ஏற்ற இறக்கம். வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுத்தது என்பதைத் தனிவரிச் சமன்பாடாக எழுதும்போது, ‘தூரம்’ தொகுதியிலும் ‘நேரம்’ பகுதியிலும் வரும். தூ என்னும் எழுத்தின் ஊகாரக் குறி அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. டெக் எழுத்துப்பெட்டியின் ஆழத்தைக் கணக்கிடுவதால் குறி கோட்டின்மீது மோதுவதில்லை. மாறாகத் தொகுதி முழுவதும் மேலே தள்ளப்படுகிறது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பின்னங்களுள் ஒன்றன் தொகுதியில் இறங்கும் எழுத்தும் மற்றதில் இறங்கா எழுத்தும் இருந்தால், இரண்டும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். இதற்குத் தீர்வு, எழுத்துருவின் மிகுதியான உயரமும் ஆழமும் கொண்ட, அகலமற்ற, கண்ணுக்குத் தெரியாத தாங்கியொன்றைத் தொகுதியிலும் பகுதியிலும் இடுவது. அதன்பின் எல்லாப் பின்னங்களும் ஒரே உயரம் பெறும்.

நான்காவது, அளவுக் குறைப்பு. எண்கள் 7 புள்ளியிலும் தெளிவாகத் தெரியும். தமிழ் எழுத்துகளில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேறுபாடு சுழிகளின் எண்ணிக்கையிலேயே உள்ளது. 7 புள்ளியில் அச்சுழிகள் நெருங்கும். 5 புள்ளியில் மை பரவி ஒன்றாகிவிடும். ஆகவே தமிழ்ச் சொல் கொண்ட பின்னத்தை வரிக்குள் வைப்பது பொருத்தமன்று. தனிவரியில் முழு அளவில் அமைக்க வேண்டும். ‘சாதகமான நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை’ போன்ற நீண்ட தொடர்கள் திரும்பத் திரும்ப வருமாயின், முதலில் ஒருமுறை சொல்லால் எழுதிப் பின்னர் ஓரெழுத்துக் குறியீட்டை வரையறுத்துக் கொள்வது நன்று.

6. குறியேற்றமும் பின்னமும்

எழுத்து வடிவம் சரியாக அமைந்தாலும், கணினியில் அதன் அடியிலுள்ள குறியேற்றம் பிழைபட்டால் பின்னம் நிலைப்பதில்லை. இதற்குத் தமிழ்க் கணினி வரலாற்றிலேயே தெளிவான சான்று உண்டு.

மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ 8859-1 தரத்தில் ¼, ½, ¾ ஆகியவை முறையே 188, 189, 190 ஆம் இடங்களில் உள்ளன. 1990களின் இறுதியில் உருவான திஸ்கி குறியேற்றம் 128 க்கு மேற்பட்ட இடங்களைத் தமிழுக்கு ஒதுக்கியது. அதன்படி இம்மூன்று இடங்களும் முறையே ட, ண, த என்னும் எழுத்துகளுக்கு உரியவாயின. எனவே திஸ்கி எழுத்துருவில் 2½ என்பது ‘2ண’ எனத் தோன்றும். மறுதலையாக, திஸ்கியில் எழுதிய ‘தமிழ்’ என்னும் சொல்லை மேற்கத்திய எழுத்துருவில் திறந்தால் அச்சொல் ¾ என்னும் குறியோடு தொடங்கும். எண்குறியும் எழுத்தும் ஒன்றன் இடத்தில் ஒன்று நிற்கும் ‘அவ’ மயக்கமே இங்கும் நிகழ்கிறது. சுவடியில் வடிவ ஒற்றுமையால் நேர்ந்தது, கணினியில் இட ஒற்றுமையால் நேர்கிறது.

இத்தகைய எழுத்துருக்களில் அரைக்குத் தனிக்குறி இல்லாமையால், சாய்கோட்டுடன் 1/2 எனத் தட்டச்சு செய்வதே வழியாக இருந்தது. கலப்புப் பின்னமாயின் 2 1/2 எனத் தட்டச்சு செய்து, பின்னப் பகுதியை மட்டும் கைவழியாகச் சிறிதாக்க வேண்டும். கோப்பு ஓர் எழுத்துருவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படும்போது அந்த அளவு வேறுபாடு மறையக்கூடும். இடைவெளியும் இல்லையெனில் 21/2 எஞ்சும். முன்கண்ட சாலையின் 2½ விழுக்காட்டுச் சரிவு இப்போது 10½ விழுக்காடு. மூன்று கிலோமீட்டர் தொலைவுக்கு 75 மீட்டர் இறங்க வேண்டிய சாலை, காகிதத்தில் 315 மீட்டர் இறங்குகிறது. இழந்தது எழுத்தளவு மட்டுமே. மாறியது கணக்கின் விடை.

தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியை ஏற்றபின் ½ போன்ற குறிகளும் தமிழ் எழுத்துகளும் தத்தம் இடத்தில் ஒரே கோப்பில் நிற்க முடிகிறது. ஒருங்குறியின் 8260 ஆம் இடத்தில் பின்னத்துக்கெனத் தனிச் சாய்கோடு ஒன்றும் உள்ளது. ஓப்பன்டைப் எழுத்துருவில் பின்ன வசதி இருப்பின், அதன் இருபுறமும் உள்ள எண்கள் தாமே சிறுத்துப் பின்ன வடிவம் பெறும். ஆயின் எல்லா எழுத்துருக்களிலும் அவ்வசதி இருப்பதில்லை.

மரபுப் பின்னக் குறிகளுக்கான இடம் சற்றுத் தாமதமாகவே கிடைத்தது. ஸ்ரீரமண சர்மா முன்வைத்த விரிவான முன்மொழிவின் தொடர்ச்சியாக, 2019 மார்ச்சில் வெளிவந்த ஒருங்குறி 12.0 பதிப்பில் தமிழ்த் துணைத்தொகுதி சேர்க்கப்பட்டது. 73,664 முதல் 73,727 வரையுள்ள 64 இடங்களில் 51 நிரப்பப்பட்டுள்ளன. முந்திரி முதல் முக்கால் வரையிலான பின்னக் குறிகள், கீழ் என்னும் குறி, நெல் அளவு, நிலம், நாணயம் ஆகியவற்றுக்கான சுருக்கக் குறிகள் முதலியன அவற்றுள் அடங்கும். பதினாறில் ஒன்றுக்கு மாகாணி, வீசம் என இரண்டு குறிகள் தனித்தனியே இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. மதிப்பு ஒன்றாயினும் வடிவமும் பெயரும் வேறு என்பதை அது காக்கிறது.

இதனால் பதிப்பாசிரியருக்கு ஒரு கடமையும் பிறக்கிறது. கால் குறிக்கு ஈடாக வகர எழுத்தைத் தட்டச்சு செய்தால் தாளில் வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அது வெறும் எழுத்து. தேடுபொறியில் கால் என்னும் பின்னத்தைத் தேடுவோருக்கு அது கிடைக்காது. சொல் பட்டியல் தயாரிக்கும் நிரலோ எட்டேகாலை ‘அவ’ என்னும் சொல்லாகவே எண்ணும். கணக்கதிகாரம் போன்ற நூல்களின் மின்பதிப்பில் இத்தகைய பதிலீடு நேர்ந்தால், பின்னால் அதனைத் திருத்துவது அரிது. எந்த வகரம் எழுத்து, எந்த வகரம் எண் என்பதை ஒவ்வோர் இடமாகப் படித்தே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

புதிய இடங்களைப் பயன்படுத்துவதிலும் கவனம் தேவை. அவை 65,535 க்கு மேற்பட்டவை. யூடிஎஃப்-8 வடிவத்தில் வழக்கமான தமிழ் எழுத்து மூன்று பைட் கொள்ள, இக்குறிகள் நான்கு பைட் கொள்ளும். மூன்று பைட் வரையே ஏற்கும் பழைய தரவுத்தள அமைப்புகளில் இவை சேமிக்கப்படுவதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் போன்று இக்குறிகளைக் கொண்ட எழுத்துரு வாசகரின் கணினியில் இல்லையெனில் வெற்றுக் கட்டங்களே தோன்றும். ஆகவே கோப்போடு எழுத்துருவையும் உட்பொதிப்பது இன்றியமையாதது.

7. பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வரும் நெறிகளைத் தொகுக்கலாம்.

1. தனிவரிச் சமன்பாட்டில் எப்போதும் கிடைக்கோட்டுப் பின்னமே அமைய வேண்டும். கோடு சமக்குறியின் நடு மட்டத்தில் நிற்க வேண்டும்.

2. பத்தியின் வரிக்குள் அரை, கால், முக்கால் போன்ற எளிய பின்னங்களைச் சொல்லாகவோ தனிக்குறியாகவோ எழுதலாம். பல உறுப்புகள் கொண்ட பின்னமாயின் சாய்கோடும் அடைப்புக்குறியும் பயன்படுத்த வேண்டும். அல்லது தனிவரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

3. கலப்புப் பின்னத்தில் முழு எண்ணும் பின்னமும் ஒரே அளவில் அமையக்கூடாது. வெற்று உரையாக மட்டுமே அனுப்ப இயலும் இடத்தில் 2 + 1/2 எனக் கூட்டற்குறியோடு எழுதலாம். அல்லது இரண்டரை எனச் சொல்லால் எழுதலாம். இடைவெளியை மட்டும் நம்புதல் கூடாது.

4. தமிழ்ச் சொற்கள் கொண்ட பின்னம் முழு அளவில் அமைய வேண்டும்; தொகுதியிலும் பகுதியிலும் உயரத் தாங்கி இடப்பட வேண்டும்.

5. சாய்கோட்டுப் பின்னத்தோடு வேற்றுமை உருபை நேரே ஒட்டுவதைத் தவிர்க்க வேண்டும். விகிதத்தைச் சொல்லால் எழுதுகையில் பகுதி முன்வரும் தமிழ் வழக்கைப் பேண வேண்டும்.

6. பழைய கணக்கு நூல், கல்வெட்டு, ஆவணம் ஆகியவற்றைப் பதிப்பிக்கையில் மரபுக் குறியை ஒருங்குறியில் அதற்குரிய இடத்தால் குறித்து, அருகில் பெயரையும் இன்றைய மதிப்பையும் தர வேண்டும். வடிவம் ஒத்த எழுத்தைப் பதிலீடாக இடுதல் ஆகாது.

7. ஆவணத்தை வெளியிடுமுன், பின்னம் உள்ள ஒரு பத்தியைப் படியெடுத்து வெற்று உரைக் கோப்பில் ஒட்டிப் பார்க்க வேண்டும். அங்கு எஞ்சுவதை உரக்கப் படித்தால் அதே எண் ஒலிக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். ஆய்வுச்சுருக்கங்கள் இவ்வாறு வெற்று உரையாகவே தரவுத்தளங்களுக்குச் செல்வதால், சுருக்கத்தில் வரும் பின்னங்களுக்கு இச்சோதனை மிகத் தேவையானது.

8. முடிவுரை

மரபுக் குறிகள் வரியின் ஒழுங்கைக் குலைக்காமல் பின்னத்தை எழுத வழி தந்தன. ஆயின் எல்லாப் பின்னங்களுக்கும் இடந்தரவில்லை. கிடைக்கோடு எல்லாப் பின்னங்களுக்கும் இடந்தந்து, வரியின் உயரத்தை வாங்கிக்கொண்டது. சாய்கோடு வரியைக் காத்து, எல்லையை மங்கச் செய்தது. ஒவ்வொரு வடிவமும் ஒன்றைப் பெற ஒன்றை இழப்பதால், எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே வடிவம் என ஒன்றில்லை. எந்த இடத்தில் எதை இழக்கலாகாது என்பதைக் கொண்டே வடிவத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

எட்டேகால் என்னும் சொல்லைக் கேட்பவர் எவரும் அதனை இருபதேகால் எனக் கொள்வதில்லை; ‘அவ’ எனக் கொள்வதும் பாடலில் மட்டுமே. பேச்சில் ஓர் ஏகாரம் காத்துவரும் அத்தெளிவை, அச்சில் எழுத்தளவும் கோடும் இடைவெளியும் குறியேற்றமும் சேர்ந்தே காக்க வேண்டியுள்ளது. தமிழில் கணித ஆய்வேடுகள் எழுதப்படுவதற்கும், பழைய கணக்கு நூல்கள் மின்பதிப்பாவதற்கும் பின்னங்களின் அச்சமைப்பை ஆய்வு நெறியின் ஒரு பகுதியாகவே கருதுதல் வேண்டும்.